புண் ஆற்றும் தெளிப்பு மருந்துகள்

மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

‘பட்ட காலிலே படும்’ என்பது நம் பழமொழி. துன்பம் தனியே வருவதில்லை என்பது அதன் உட்பொருள். ஆயினும் மலையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதன் நேர்ப்பொருளே போதுமானது. வட்டக்கானலில் காயம் படாத காலைக் காண்பது அரிது. காரட் தோட்டத்தில் மண்வெட்டி பட்ட கால், விறகு பிளக்கையில் கோடரி தவறிய விரல், அடுப்பங்கரையில் வெந்நீர் கொட்டிய கை, மழைக்காலத்தில் சோலைக்குள் அட்டை கடித்த கணுக்கால் எனக் காயங்கள் இங்கு நாள்தோறும் நிகழ்பவை. ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்காவது பேருந்தும் சாலையும் அருகில் உள்ளன. டால்பின் மூக்குப் பாறையைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் வரும் வெள்ளகவி, நெடுங்காலம் வண்டிப்பாதை இன்றி இருந்த ஊர். அங்கே ஒருவருக்குக் காலில் ஆழமாக வெட்டுப்பட்டால், டோலி கட்டித் தோளில் சுமந்து மேலே கொண்டுவந்து, பிறகு கொடைக்கானல் அரசு மருத்துவமனையில் சேர்ப்பார்கள். காயம் பட்ட நேரத்துக்கும் மருத்துவரின் கை படும் நேரத்துக்கும் இடையே பல மணி நேரம் கடந்துவிடும்.

இந்த இடைவெளியில் பயன்படும்படி, குப்பியை அழுத்தினால் புகைபோலப் பீய்ச்சிப் புண்ணை மூடி ஆற்றிவிடும் மருந்து ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்! ‘ஸ்ப்ரே’ என்று கேட்டால் மருந்துக் கடைகளில் பலவகைக் குப்பிகளை எடுத்துத் தருகிறார்கள். வெளிநாடுகளில் தோலையே தெளிக்கிறார்கள் என்றும் கேள்விப்படுகிறோம். இவற்றுள் எது எதைச் செய்கிறது, எது நமக்கு உதவும், எது உதவாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோல் என்னும் போர்வை

நம் உடலின் உறுப்புகளுள் மிகப் பரந்தது தோல். வளர்ந்த மனிதர் ஒருவரின் தோலை விரித்தால் ஒன்றரை முதல் இரண்டு சதுர மீட்டர் வரை இருக்கும். அது இரண்டு அடுக்குகளால் ஆனது. மேலே உள்ள மேல்தோல் மிக மெல்லியது. உடலின் பெரும்பகுதியில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே கனமுடையது. இதன் அடிவரிசையில் உள்ள உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகி மேல்நோக்கி நகர்கின்றன. மேலே வந்தவை இறந்து செதிலாகி உதிர்கின்றன. அடிவரிசையிலேயே நிறமிகளை உண்டாக்கும் உயிரணுக்களும் உள்ளன. நம் தோலின் நிறம் அவற்றின் கொடை.

மேல்தோலின் கீழே அடித்தோல் உள்ளது. இரத்தக் குழாய்கள், நரம்புகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர்க்கால்கள் ஆகியவை இங்கேதான் அமைந்திருக்கின்றன. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் வலை கொலாஜன் என்னும் புரத நார்களால் பின்னப்பட்டது. மயிர்க்கால்களையும் வியர்வைச் சுரப்பிகளையும் சுற்றி மேல்தோல் உயிரணுக்கள் உள்ளே இறங்கி நிற்கின்றன என்பதை நாம் நினைவில் கொள்ள வேண்டும். தீக்காயத்தில் மேல்தோல் முழுதும் போனாலும், இந்தப் பள்ளங்களில் ஒளிந்திருக்கும் உயிரணுக்கள் வெளியே பரவித் தோலை மீண்டும் உண்டாக்கிவிடும். அடித்தோலும் வெந்துவிட்டால் அந்தச் சேமிப்பும் அழிந்துவிடுகிறது. அப்போது ஓரங்களிலிருந்து மட்டுமே தோல் வளர வேண்டும். உள்ளங்கை அளவுள்ள அத்தகைய புண் தானே மூடுவதற்கு மாதக்கணக்கில் ஆகும். மூடினாலும் தழும்பு இழுத்து மூட்டை முடக்கிவிடும்.

புண் ஆறும் வகை

காயம் பட்டவுடன் உடல் செய்யும் வேலைகள் நான்கு கட்டங்களாக நடைபெறுகின்றன. முதலில் இரத்தக் குழாய் சுருங்குகிறது. இரத்தத் தட்டுகள் திரண்டு ஒட்டுகின்றன. ஃபைப்ரின் என்னும் நார்கள் வலைபோல் பின்னி இரத்தத்தை உறையச் செய்கின்றன. இது சில நிமிடங்களில் முடியும் வேலை. இரண்டாவது கட்டத்தில் வெள்ளணுக்கள் வந்து கிருமிகளையும் இறந்த திசுக்களையும் விழுங்கித் துப்புரவு செய்கின்றன. புண்ணைச் சுற்றிச் சிவப்பும் சூடும் வீக்கமும் தோன்றுவது இதனால்தான். மூன்றாவது கட்டத்தில் புதிய இரத்த நாளங்கள் முளைக்கின்றன. புதுக் கொலாஜன் இடப்படுகிறது. மேல்தோல் உயிரணுக்கள் ஓரங்களிலிருந்து தவழ்ந்து வந்து சந்திக்கின்றன. இது மூன்று வாரம் வரை நீளும். நான்காவது கட்டத்தில், அவசரத்தில் இடப்பட்ட கொலாஜன் நார்கள் ஒழுங்குபடுத்தப்படுகின்றன. இதற்கு ஓராண்டும் ஆகலாம். அப்படியும் தழும்பின் வலிமை பழைய தோலின் வலிமையில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை எட்டுமே தவிர முழுமை அடைவதில்லை.

எந்தத் தெளிப்பு மருந்தானாலும் இந்த நான்கு கட்டங்களுள் ஏதோ ஒன்றில் புகுந்து துணை செய்வதே. நான்கையும் ஒரே பீய்ச்சலில் முடிக்கும் மருந்து இதுவரை உலகில் எங்கும் இல்லை.

சென்னை தந்த விளக்கம்

புண் ஆற்றும் கொலாஜனைப் பற்றிப் பேசும்போது தமிழ்நாடு பெருமை கொள்ளும் செய்தி ஒன்று உண்டு. கொலாஜனின் மூலக்கூறு எவ்வாறு அமைந்துள்ளது என்பது 1950களின் தொடக்கத்தில் உலக அறிவியலாளர் பலரைத் திணற வைத்த புதிராக இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவராக இருந்த ஜி. என். இராமச்சந்திரனும் அவருடைய துணைவர் கோபிநாத் கர்த்தாவும் எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு அதை ஆராய்ந்தனர். மூன்று சங்கிலிகள் கயிறுபோல் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றன என்ற அவர்களின் கருத்து 1954-ஆம் ஆண்டில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. 1955-இல் அதைத் திருத்திச் செம்மை செய்தனர். ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் இருப்பதால்தான் மூன்று சங்கிலிகளும் நெருங்கி முறுக்கிக்கொள்ள முடிகிறது என்பது அந்த அமைப்பின் நுட்பம்.

அந்த ஆய்வுக்கூடத்தின் அருகிலேயே அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. 1948-இல் தொடங்கப்பெற்ற அந்நிலையத்தின் முதன்மைப் பணி ஆட்டுத் தோலையும் மாட்டுத் தோலையும் பதனிடும் முறைகளை ஆராய்வது. பதனிடும் தோல் என்பதே பெரும்பாலும் கொலாஜன்தான். எனவே, கழிவாகப் போகும் பகுதிகளிலிருந்து தூய கொலாஜனைப் பிரித்தெடுத்து, மெல்லிய தாள்களாக்கித் தீக்காயங்களின் மேல் போர்த்தும் முறைகளை அந்நிலையத்தார் உருவாக்கினர். இன்று நம் நாட்டு மருத்துவமனைகளில் கொலாஜன் தாள்கள் பழக்கத்தில் உள்ளன. புண்ணின் மேல் ஒட்டிய தாள் வலியைக் குறைக்கிறது. நீர் வெளியேறுவதைத் தடுக்கிறது. தவழ்ந்து வரும் உயிரணுக்களுக்கு நடைபாதையாகவும் அமைகிறது. அந்நிலையத்தின் அரங்கு ஒன்றுக்கு ‘டிரிப்பிள் ஹெலிக்ஸ்’, அதாவது முப்புரிச் சுருள், என்று பெயரிட்டிருப்பது பொருத்தமே.

உலர்ந்த புண்ணா, ஈரப் புண்ணா?

புண்ணைக் காற்றுப்பட விட்டுக் காயவைத்தால் விரைவில் ஆறும் என்பது நம் வீடுகளில் நெடுநாளாக உள்ள நம்பிக்கை. 1962-ஆம் ஆண்டு வரை மருத்துவர் பலரும் அப்படியே எண்ணினர். அவ்வாண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் என்பவர் பன்றிகளின் தோலில் ஒரே அளவான சிறு புண்களை உண்டாக்கி, சிலவற்றைத் திறந்துவிட்டு, சிலவற்றைப் பாலித்தீன் படலத்தால் மூடிவைத்தார். மூடி ஈரமாக வைத்த புண்களில் மேல்தோல் ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் பரவியது கண்டு வியந்தார்.

காரணம் எளிது. உலர்ந்த புண்ணின் மேல் பொருக்குக் கட்டுகிறது. மேல்தோல் உயிரணுக்கள் பொருக்கின் அடியில் ஈரம் உள்ள இடத்தைத் தேடிக் குடைந்து செல்ல வேண்டியுள்ளது. ஈரமான புண்ணிலோ அவை வழுக்கி நேரே செல்கின்றன. ஆனால் ஈரம் என்றால் அழுக்கு நீரில் ஊறுவது என்று பொருள் கொள்ளக் கூடாது. தூய்மையான புண், தூய்மையான மூடி, அளவான ஈரம் என்னும் மூன்றும் சேர்ந்தால்தான் வின்டர் கண்ட பயன் கிட்டும். படலம் போடும் தெளிப்பு மருந்துகளின் அடிப்படைத் தத்துவமும் இதுவே.

படலம் போடும் தெளிப்புகள்

பூசினால் காய்ந்து படலமாகும் மருந்து புதியதன்று. பஞ்சை நைட்ரிக் அமிலத்திலும் கந்தக அமிலத்திலும் நனைத்து வெடிபஞ்சு செய்யும் முறை 1840களில் கண்டறியப்பட்டது. அதைப் போன்ற நைட்ரேட் ஏற்றிய பஞ்சை ஈதரும் ஆல்கஹாலும் கலந்த கரைசலில் கரைத்தால் கொலோடியன் என்னும் பாகு கிடைக்கிறது. ஈதர் பறந்துவிட, பாகு தோலின் மேல் கண்ணாடித் தாள்போல் ஒட்டிக்கொள்கிறது. அந்த நூற்றாண்டிலேயே மருத்துவர்கள் இதைக் காயத்தின் மேல் தடவினர். 1950களில் அக்ரிலிக் பிசின்களைக் குப்பியில் அடைத்துப் பீய்ச்சும் முறை வந்தது. இன்று ‘ஸ்ப்ரே பிளாஸ்திரி’ என விற்கப்படுபவை இந்த மரபில் வந்தவையே.

இவற்றின் பயன் சிறு சிராய்ப்புகளுக்கும், தையல் போட்ட சுத்தமான கோடுகளுக்கும் உரியது. முழங்கை, விரல் மூட்டு போன்று கட்டு நிற்காத இடங்களில் இவை வசதியானவை. ஆனால் இரத்தம் ஒழுகும் புண்ணில் படலம் ஒட்டாது. அட்டைக் கடியை எண்ணிப் பாருங்கள். அட்டையின் உமிழ்நீரில் உள்ள ஹிருடின் என்னும் பொருள் இரத்தத்தை உறையவிடாமல் தடுக்கிறது. அட்டை விழுந்த பிறகும் நெடுநேரம் இரத்தம் கசிவது அதனால்தான். அதன் மேல் எந்தத் தெளிப்பை அடித்தாலும் கசியும் இரத்தம் படலத்தைத் தள்ளிக்கொண்டு வந்துவிடும். துணியை மடித்துச் சிறிது நேரம் விடாமல் அழுத்திப் பிடிப்பதே அங்கு ஏற்ற சிகிச்சை.

நம் மலையின் தட்பவெப்பமும் கருதத்தக்கது. ஈதர் போன்ற கரைப்பான்கள் பறக்கும்போது சூட்டை இழுத்துக்கொள்வதால் படலம் குளிர்கிறது. மூடுபனி நிறைந்த ஈரக்காற்றில் அப்படிக் குளிர்ந்த பரப்பின் மேல் நீர்த்துளிகள் படிகின்றன. அதனால் படலம் வெளுத்துப் புள்ளி விழுந்து வலுவிழக்கும். மரச்சாமான்களுக்கு வார்னிஷ் அடிப்பவர்கள் மழை நாளில் வேலையை நிறுத்திவைப்பதும் இதே காரணத்தால்தான். மேலும், பீய்ச்சும் குப்பிகளில் பெரும்பாலும் எரியக்கூடிய வாயுக்களே உந்துபொருளாக அடைக்கப்பட்டுள்ளன. முன்பு பயன்பட்ட குளோரோ ஃபுளோரோ கார்பன்கள் ஓசோன் படலத்தைச் சிதைப்பதால் 1987-ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் படிப்படியாகக் கைவிடப்பட்டன. விறகடுப்பு எரியும் சிறு வீட்டுக்குள் இக்குப்பிகளைப் பயன்படுத்துவது தீக்காயத்தை ஆற்றப் போய்த் தீயையே அழைப்பதாகும்.

பசையும் உறைபொருளும்

அமெரிக்காவில் ஹாரி கூவர் என்னும் வேதியியலார் 1942-இல் துப்பாக்கிக் குறிகாட்டிகளுக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடியபோது, தொட்டதையெல்லாம் ஒட்டிக்கொண்ட சயனோ அக்ரிலேட் என்னும் பொருள் தொல்லை தந்தது. பின்னாளில் அதுவே உலகெங்கும் விற்கும் உடனடிப் பசையாயிற்று. வியட்நாம் போரில், அறுவைக் கூடத்துக்குக் கொண்டுசெல்லும் வரை இரத்தப் போக்கை நிறுத்த, மருத்துவர்கள் இதைத் தெளிப்பாகப் பயன்படுத்தினர். பிறகு திசுக்களுக்குத் தீங்கு குறைந்த வகை உருவாக்கப்பட்டு, 1998-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றது. இப்போது நம் நாட்டு மருத்துவமனைகளிலும் சிறு வெட்டுகளைத் தையலின்றி இப்பசையால் ஒட்டுகிறார்கள். கடையில் விற்கும் உடனடிப் பசையும் அதுவும் ஒரே குடும்பம் என்பதால் இரண்டும் ஒன்றென்று எண்ணிவிடக் கூடாது. கடைப் பசை இறுகும்போது சூடு உண்டாக்கும். சிதைந்து திசுக்களைப் புண்படுத்தும். கிருமி நீக்கப்பட்டதும் அன்று.

இன்னொரு வகை, உடலின் சொந்த முறையையே பின்பற்றுவது. ஃபைப்ரினோஜென் ஒரு குழலிலும் திராம்பின் மற்றொரு குழலிலும் வைத்து, இரண்டும் நுனியில் கலக்குமாறு தெளித்தால் கணத்தில் உறைகட்டி உண்டாகிறது. அறுவை மேசையில் தைக்க இயலாத இடங்களில் இது கைகொடுக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்ப நிலையம் இத்தகைய ஃபைப்ரின் பசையை நம் நாட்டிலேயே உருவாக்கியுள்ளது. அழுத்தமான வாயுவைக் கொண்டு மிக அருகில் வைத்துத் தெளித்தால் வாயுக் குமிழி இரத்தக் குழாய்க்குள் புகுந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகையால் இது பயிற்சி பெற்றவர் கையில் மட்டுமே இருக்கத்தக்கது.

உயிரணுக்களைத் தெளித்தல்

இனி, ‘தோலைத் தெளிக்கிறார்கள்’ என்ற செய்திக்கு வருவோம். 1975-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் ரைன்வால்டும் ஹோவர்டு கிரீனும் மேல்தோல் உயிரணுக்களை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பெருக்கும் முறையைக் கண்டனர். அஞ்சல்தலை அளவு தோலிலிருந்து பெரும் தாள்களை வளர்க்க முடிந்தது. 1980களில் உடலின் பெரும்பகுதி வெந்துபோன சிறுவர் இருவருக்கு இத்தகைய தாள்களைப் போர்த்தி உயிர் காத்தனர். ஆனால் தாள் வளர மூன்று வாரம் ஆயிற்று. அதற்குள் கிருமி புகுந்துவிடும் அச்சம் இருந்தது; தாளும் எளிதில் கிழியக்கூடியதாக இருந்தது.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தீக்காய மருத்துவராகப் பணியாற்றிய ஃபியோனா வுட், அறிவியலார் மேரி ஸ்டோனருடன் சேர்ந்து 1990களில் இதற்கு விடை தேடினார். உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தாளாகும் வரை காத்திருப்பானேன்? தனித்தனியாக இருக்கும்போதே புண்ணில் தெளித்தால், அங்கேயே பெருகி ஒன்றுசேரட்டுமே என்பது அவர்கள் எண்ணம். நாற்றங்காலில் புல்தரை வளர்த்துப் பெயர்த்து நடுவதற்கும், வயலிலேயே விதை தெளிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதனோடு ஒப்பிடலாம். இதனால் காத்திருக்கும் காலம் 21 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்தது. பின்னர், ஆய்வுக்கூட வளர்ப்பே தேவைப்படாத முறை உருவாயிற்று. நோயாளியின் நல்ல தோலில் ஒரு சிறு துண்டை மெல்லியதாகச் சீவி எடுத்து, டிரிப்சின் என்னும் நொதியில் உடல் சூட்டில் ஊறவைக்கிறார்கள். உயிரணுக்களைப் பிணைக்கும் பிடி தளர்ந்ததும் சுரண்டி எடுத்து, கரைசலில் கலந்து, வடிகட்டி, ஊசிக்குழல் நுனியில் தெளிப்பானைப் பொருத்திப் புண்ணில் தெளிக்கிறார்கள். அறுவைக் கூடத்திலேயே ஏறக்குறைய அரைமணி நேரத்தில் முடிகிற வேலை இது. ஒரு சதுர சென்டிமீட்டர் தோலைக் கொண்டு 80 சதுர சென்டிமீட்டர் வரை மூடலாம். நிறமி உயிரணுக்களும் உடன் செல்வதால் தோலின் நிறமும் திரும்புகிறது.

2002 அக்டோபர் 12-ஆம் நாள் இந்தோனேசியாவின் பாலித் தீவில் நடந்த குண்டுவெடிப்பில் வெந்தவர்களுள் 28 பேர் இராயல் பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் 25 பேர் உயிர் பிழைத்தனர். அந்நிகழ்ச்சிக்குப் பின் ஃபியோனா வுட்டின் பெயர் உலகெங்கும் பரவியது. 2018 செப்டம்பரில் இம்முறை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. தெளிக்கப்படுபவை பெரும்பாலும் மேல்தோல் உயிரணுக்களே. அடித்தோலும் அழிந்த ஆழமான தீக்காயத்தில், வலைபோல் விரித்த தோல் ஒட்டின் மேல்தான் இதைத் தெளிக்கிறார்கள். விதை முளைக்க மண் வேண்டுமல்லவா?

நம் நாட்டில் இதே தத்துவம் வேறொரு துறையில் பயன்பட்டு வருகிறது. வெண்புள்ளிகள் உள்ளோருக்கு, அவர்களின் தோலையே டிரிப்சினில் பிரித்து உயிரணுக் கரைசலாக்கி, வெளுத்த இடத்தைச் சீவிவிட்டு இடுகிறார்கள். டெல்லி, சண்டிகர் முதலிய இடங்களில் உள்ள பெரிய மருத்துவ நிலையங்களில் விலையுயர்ந்த கருவிகள் இன்றியே இதைச் செய்து வருகின்றனர்.

கற்றுக்கொள்ள வேண்டிய ஓர் ஏமாற்றம்

தெளிப்பு மருந்துகளின் வரலாற்றில் வெற்றிகள் மட்டும் இல்லை. கால் நரம்புகள் புடைத்து இரத்தம் தேங்குவதால் கணுக்காலில் வரும் ஆறாப் புண்களுக்கு, பிறருடைய தோலிலிருந்து வளர்த்த இருவகை உயிரணுக்களைத் தெளிக்கும் மருந்து ஒன்று ஆராயப்பட்டது. 228 நோயாளிகளைக் கொண்ட ஆய்வின் முடிவு 2012-இல் ‘லான்செட்’ இதழில் வெளியானபோது, புண்கள் விரைவாக ஆறின என்று கண்டு மருத்துவ உலகம் மகிழ்ந்தது. அடுத்த கட்டமாக நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2014-இல் வந்தபோது, வழக்கமான சிகிச்சையைவிட அம்மருந்து மேம்பட்டதாகத் தெரியவில்லை. அத்துடன் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இதில் நமக்குப் பாடம் உண்டு. அத்தகைய புண்ணுக்கு இறுக்கமான கட்டும், காலை உயர்த்தி வைப்பதும், தேங்கும் இரத்தத்தைக் குறைப்பதுமே முதன்மைச் சிகிச்சை. நீரிழிவால் பாதத்தில் வரும் புண்ணுக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும், புண்மேல் உடல் எடை விழாமல் காப்பதும் முதன்மை. வேரில் உள்ள காரணத்தை விட்டுவிட்டு மேலே எதைத் தெளித்தாலும் அது இலையில் நீர் தெளிப்பதைப் போன்றதே.

மருந்து அடித்தும் ஆறாத கால்

எங்கள் தெருவில் தோட்ட வேலைக்குச் செல்லும் அக்கா ஒருவருக்குச் சென்ற பருவத்தில் மண்வெட்டி பட்டுப் பாதத்தில் வெட்டு விழுந்தது. வெளிநாட்டுப் பயணி யாரோ விட்டுச்சென்ற படலத் தெளிப்பைப் பக்கத்து வீட்டார் எடுத்துவந்து அடித்தனர். காயம் கண்ணாடிபோல் மினுங்கி மூடிக்கொண்டது. “காலைக் கழுவினீங்களா அக்கா?” என்று கேட்டேன். “அதான் மருந்து அடிச்சாச்சே தம்பி, இன்னும் எதுக்குத் தண்ணி?” என்றார். நான்காம் நாள் பாதம் வீங்கி, காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் படலத்தைப் பிரித்தபோது சீழோடு தோட்டத்து மண்ணும் எருவும் வந்தன. கழுவி, ஊசி போட்டு, பத்து நாள் கட்டு மாற்றிய பிறகே கால் தேறியது. அந்தப் பத்து நாள் கூலியும் போயிற்று.

நம் தோட்டத்து மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் என்னும் இரண ஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். இக்கிருமி காற்றில்லாத இடத்தில்தான் செழிக்கும். கழுவாத ஆழமான புண்ணைக் காற்றுப் புகாமல் மூடுவது அதற்கு வீடு கட்டிக் கொடுப்பதாகும். அறிகுறிகள் பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தோன்றும். தோன்றிய பின் காப்பது கடினம். முன்பே தடுப்பூசி போட்டுக்கொள்வது மிக எளிது. அரசு மருத்துவமனைகளில் இவ்வூசி இலவசமாகவே போடப்படுகிறது.

மலைவாழ் மக்கள் நினைவில் கொள்ள வேண்டியவை

முதலாவது, இரத்தம் வடிந்தால் தூய துணியால் பத்து நிமிடமேனும் எடுத்து எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். நின்றதா என்று நொடிக்கொரு முறை திறந்து பார்த்தால் உறைந்த இரத்தம் பெயர்ந்துவிடும்.

இரண்டாவது, இரத்தம் நின்றபின் காய்ச்சி ஆறிய நீராலோ நல்ல குடிநீராலோ மண் போகும் வரை தாராளமாகக் கழுவ வேண்டும். இரத்தம் நிற்காத ஆழமான வெட்டு, வாய் பிளந்த காயம், காட்டுமாடு முட்டியது, நாய் கடித்தது ஆகியவற்றுக்கு மேலே எதையும் அடித்து மூடாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நாய்க்கடியைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவியபின் வெறிநாய்க்கடி ஊசி கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, தீக்காயத்தின் மேல் 20 நிமிடம் தண்ணீர் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி, பற்பசை, மை, காப்பித்தூள் எதுவும் கூடாது. நம் மலையில் ஓடைநீர் மிகக் குளிர்ந்தது. ஆகவே குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் வெந்த இடத்தில் மட்டும் நீர் விட்டு, மற்ற உடலைக் கம்பளியால் போர்த்திவிட வேண்டும்.

நான்காவது, கடையில் கிடைக்கும் தெளிப்புக் குப்பியில் எழுதியிருப்பதைப் படித்தே வாங்க வேண்டும். சுளுக்குக்கும் மூட்டுவலிக்கும் உரிய தெளிப்பைத் திறந்த புண்ணில் அடிப்பவர்களை நாம் காண்கிறோம். அது எரிச்சலையும் தீங்கையுமே தரும். போவிடோன் அயோடின் தெளிப்பு கிருமிகளைக் குறைக்கும். ஆனால் கழுவுவதற்கு அது மாற்றாகாது.

ஐந்தாவது, உணவு. கொலாஜன் சங்கிலிகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள வைட்டமின் சி இன்றியமையாதது. பருப்பு, முட்டை, பயறு முதலியவற்றோடு நெல்லிக்காயும் கொய்யாவும் உண்பவருக்குப் புண் நன்றாக ஆறும். காயம் பட்டால் முட்டை ஆகாது, பத்தியம் வேண்டும் என்று நோயாளியைப் பட்டினி போடுவது சரியன்று.

நம் பாட்டிமார் அடிவாரத்து வயல்களில் வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிச் சாறு பிழிந்தார்கள். சித்த மருத்துவர்கள் புண்ணுக்கு மத்தன் தைலம் தந்தார்கள். வெட்டுக்காயப் பூண்டின் சாறு விலங்குகளின் காயங்களில் பயன் தருகிறதா என நம் நாட்டு ஆய்வாளர்களும் சோதித்துள்ளனர். அந்த அறிவை இகழாமல், அதே வேளையில் மண் படிந்த இலையை நேரே திறந்த புண்ணில் வைக்காமல், ஆய்வுக்கூடத்தின் வழியே தூய மருந்தாக்குவது நம் போன்ற அறிவியல் மாணவர்களின் கடமை. மாட்டுத்தோல் கழிவிலிருந்து தீக்காயத்துக்குப் போர்வை நெய்த நாடு இது. வெள்ளகவிச் சரிவில் டோலியில் வரும் ஒருவரின் புண்ணை, அவர் மேலே வந்து சேரும் வரை பாதுகாக்கும் மலிவான தெளிப்பு ஒன்றை நம்முள் ஒருவர் ஒருநாள் உருவாக்கக் கூடும்.

அதுவரை நம் கையில் உள்ள மருந்துகள் மூன்று: அழுத்திப் பிடிக்கத் துணி, கழுவ நீர், காலத்தில் போடும் ஊசி. இவற்றை ஒவ்வொரு வீட்டுக்கும் எடுத்துச் சொல்லும் பணியை விடுமுறைக்கு ஊர் திரும்பும் நாம் ஒவ்வொருவரும் மேற்கொள்வோமாக.